போர் தண்ணீருக்கு வாட்டர் சாஃப்ட்னர்: வாங்கி ஓட்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரை நம்பியிருக்கிற தனி வீடு என்றால், உப்பு போட்டுக் கழுவுகிற ரெசின் வகை சாஃப்ட்னரை (கடின நீரை மென்மையாக்கும் மெஷின்) தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. ஆனால் அது குடிநீர் மெஷின் கிடையாது, கரிக்கிற தண்ணீரின் ருசியை மாற்றாது, மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளும் இல்லை. இது தெரியாமல் வாங்கியவர்கள் வீட்டில் கொஞ்ச நாளிலேயே பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு மெஷினைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது கோவையில், சரவணம்பட்டி பக்கம். குடிக்க, சமைக்க மாநகராட்சித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர். இந்த ஊரில் சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்குப் போர் தண்ணீரின் வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். சோப்பு நுரைக்காது, தலைமுடி நார் நாராக நிற்கும், ஷவரின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும், கீசர் காயிலைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகப் படிவம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் இத்தனைக்கும் காரணம். சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகிவிடும், சூடு படுத்தினால் சுண்ணாம்பாகப் படியும்.

மெஷின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை, இதை யாரும் தவிர்க்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் செய்து தருகிறார்கள், தனியார் லேப்களும் உண்டு. அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள், கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எங்கள் போர் 600ஐ ஒட்டி வந்தது. விற்க வருகிறவர்கள் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டி பயமுறுத்துவார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரு எண் சொல்லும், அதில் கால்சியம் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

சாஃப்ட்னர் வேலை செய்கிற விதம் எளிமையானது. உயரமான ஃபைபர் தொட்டிக்குள் (எஃப்ஆர்பி வெசல்) கடுகு போலச் சின்னச் சின்ன ரெசின் மணிகள் இருக்கும். அவற்றில் ஒட்டியிருக்கும் சோடியம், தண்ணீரில் வரும் கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். மணிகளில் இடம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை உள்ளே இழுக்கவிட்டால், கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போய், பழையபடி சோடியம் ஏறிக்கொள்ளும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பதால் டிடிஎஸ் குறையாது, சொல்லப்போனால் துளி கூடும். அதனால் மாட்டியபின் மீட்டரை விட்டுப் பார்த்து 'மெஷின் வேலை செய்யவில்லை' என்று சண்டைக்குப் போகாதீர்கள். கடினத்தன்மை பார்க்கச் சொட்டு மருந்து கிட் தனியாக விற்கிறது, சிவப்பு நீலமாக மாற எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணினால் போதும். ஒரு கிட் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை எப்போது கழுவ வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

எந்த அளவு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கடைக்காரர் அதைப் போட்டுக் காட்டவில்லை என்றால் நீங்களே போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் ரெசின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் வாங்கியது 25 லிட்டர் ரெசின், ஆக 1,250 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம், வகுத்தால் 2,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர், அதாவது நான்கு நாளுக்கு ஒரு முறை உப்பு போட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ வாக்கில் கல் உப்பு. கடினத்தன்மை 300 உள்ள வீட்டில் இதே மெஷின் இரண்டு மடங்கு நாள் ஓடும். 'நாலு பேர் குடும்பத்துக்கு இந்த மாடல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற விளம்பரங்களை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கை ஷவர் தலையிலும் குழாய் முனையிலும் மாட்டுகிற குட்டி ஃபில்டர்களுக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே கால் லிட்டர் ரெசின் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் 12 கிராம்தான் பிடிக்கும், 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரில் அது 20 லிட்டரோடு முடிந்துவிடும். ஒரு பக்கெட். மாதக்கணக்கில் தண்ணீரை மென்மையாக்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் வாங்காதீர்கள், மண்ணையும் தூசியையும் வேண்டுமானால் நிறுத்தும். குழாய்க்கு வெளியே மாட்டும் காந்தங்களும் கால்சியத்தை வெளியே எடுப்பதில்லை, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்தில் ஒரே எண்தான் வரும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசை மக்கள் இவற்றில் போடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை.

சரி, எங்கள் மெஷின். பிராண்ட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வெசல், மல்டிபோர்ட் வால்வு, ரெசின் எல்லாம் தனித்தனியாக வாங்கி உள்ளூரிலேயே அசெம்பிள் செய்து கொடுக்கிறார்கள், பிளம்பிங் சேர்த்து ஏறத்தாழ 25,000 ரூபாய் ஆனது. கையால் திருப்பும் வால்வு. பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ரெசினை அலசுவது) பத்து நிமிடம், உப்புத் தண்ணீர் இழுக்க அரை மணி நேரம், அப்புறம் அலசல், மொத்தம் ஒரு மணி நேர வேலை. பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, வால்வைத் திருப்ப மட்டும் வந்தால் போதும். ஆட்டோமேட்டிக் வால்வு போட்டால் விலை ஏறும், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் அதற்கே போய்விடுங்கள், மொட்டை மாடிக்கும் மோட்டார் ரூமுக்கும் அவர்களை அலையவிட வேண்டாம்.

பலன் எங்கே தெரிகிறது என்றால், துணியிலும் கீசரிலும். சோப்புத் தூள் பாதி போதும், வெள்ளைச் சட்டை பழுப்பேறுவது நின்றுவிட்டது, கீசர் சீக்கிரம் சூடாகிறது. குளித்து முடித்தபின் உடம்பு வழுவழு என்று இருக்கும், சோப்பு போகவில்லையோ என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். சோப்பைக் குறைத்தால் சரியாகிவிடும். டைல்ஸில் வெள்ளைத் திட்டு முற்றிலும் மறையவில்லை, தண்ணீரில் உப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முன்பு போல ஆசிட் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது.

முடி கொட்டுவது நிற்குமா என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். முடி மிருதுவாகிறது, அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். குழந்தைகளின் தோல் அரிப்புக்காக வாங்குபவர்களும் உண்டு. இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சாஃப்ட்னரும் வைத்ததால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. அந்தச் செலவுக்குத் தோல் மருத்துவரிடம் போவது மேல்.

சமையலறைக் குடிநீர்க் குழாய்க்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். எங்கள் கணக்கில் லிட்டருக்கு 275 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக ஏறுகிறது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இது விளையாட்டில்லை. செடிகளுக்கும் ஆகாது. தோட்டக் குழாயையும் டாய்லெட் ஃப்ளஷையும் மெஷினுக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள், உப்பும் மிச்சமாகும். மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் போதாது என்பதால், சம்ப்பிலிருந்து (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) மோட்டார் ஏற்றும் வழியில்தான் மெஷினை வைக்க வேண்டும். போர் தண்ணீர் செம்மண் நிறத்தில், இரும்பு கலந்து வந்தால் முன்னால் அதற்கென்று ஒரு ஃபில்டர் கட்டாயம், இல்லாவிட்டால் ரெசின் மணிகளில் இரும்பு படிந்து நாசமாகிவிடும்.

எனக்கு இதில் பிடிக்காத விஷயம் ஒன்றுதான், அது சின்ன விஷயமும் இல்லை. நான்கு நாளுக்கு நான்கு கிலோ என்றால் வருடத்துக்கு 365 கிலோ உப்பு எங்கள் வீட்டிலிருந்து மட்டும் வெளியே போகிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு தெரிந்த ஊர்க்காரர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கழுவுகிற தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில்தான் விட வேண்டும், மழைநீர்க் குழியிலோ தென்னை மரத்தடியிலோ விட்டால் அதே உப்பு நம் போருக்கே வந்து சேரும். சாக்கடை இணைப்பு இல்லாத இடம் என்றால் நான் இந்த மெஷினைப் பரிந்துரைக்கவே மாட்டேன். உப்பைக் குறைக்க நாங்கள் செய்தது, மாடியில் விழுகிற மழைத் தண்ணீரை, முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை மட்டும் தள்ளிவிட்டு, நேராகச் சம்ப்பில் சேர்த்ததுதான். 2003இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது போட்ட குழாயை இதற்குத் திருப்பினால் போதும். மழைநீரில் கடினத்தன்மை என்று பேச ஒன்றுமில்லை, ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மூட்டை பாதிக்கு மேல் மிஞ்சுகிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு பணம் போட வேண்டாம். வருடம் ஒரு முறை எலக்ட்ரீஷியனை வைத்துக் கீசர் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஷவர் தலையை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள், கடைசியாகத் தலைக்கு ஊற்றும் ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். பாத்ரூமில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், வருவது குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.