மண் ஈரத்துக்கு ரேடியோமீட்டரா, ரேடாரா?

வறட்சிக் கண்காணிப்புக்கு மண் ஈரத் தரவு தேவைப்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன: நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோளில் உள்ள ரேடியோமீட்டர், ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள்களில் உள்ள ரேடார். நான் எடுத்தது ஸ்மாப்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். காய்ந்த மண்ணின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) 3, 4 அளவில் இருக்கும். தண்ணீருக்கு ஏறக்குறைய 80. அதனால் மண் நனைந்தால் நுண்ணலைக்குத் தெரிந்துவிடும். ரேடார் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ரேடியோமீட்டர் மண் இயல்பாக வெளியிடும் கதிர்வீச்சை வாங்கிக்கொள்வதோடு சரி. மேகமும் இருட்டும் இரண்டுக்குமே தடையில்லை.

பிரிதிறனில் ரேடார்தான் ராஜா. சென்டினல்-1 படத்தில் வயல் வயலாகப் பார்க்கலாம். ஸ்மாப் தரவின் ஒரு கட்டமோ 36 கிலோமீட்டர். அப்படியிருந்தும் நான் ரேடாரை விட்டதற்குக் காரணம், நிலத்தின் சொரசொரப்பு.

ரேடாருக்குத் திரும்பி வரும் அலை ஈரத்தால் கூடும், மேடுபள்ளத்தாலும் கூடும். கட்டி கட்டியாக உழுது போட்ட காய்ந்த வயலும், மழையில் நனைந்த சமமான வயலும் ஒரே பிரகாசத்தில் தெரியலாம். சென்டினல்-1 அலையின் நீளம் சுமார் 5.5 செ.மீ.; உழவுக் கட்டிகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இதைச் சமாளிக்க, அதே இடத்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் ஈரமாகக் கணக்கிடும் முறை உண்டு. நல்ல முறைதான். ஆனால் இடையில் சொரசொரப்பு மாறவில்லை என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. உழவுப் பருவத்தில் அந்த அனுமானம் உடைந்துவிடும். விதைக்கலாமா, காத்திருக்கலாமா என்று ஈரத்தைத் தேடும் காலமும் அதுவே. ஒவ்வொரு வயலும் எப்போது உழப்பட்டது என்ற விவரம் கையில் இல்லாமல், ஒரு பெரிய வட்டாரத்துக்கு இதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.

ஸ்மாப் ரேடியோமீட்டர் 1.41 கிகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அலைநீளம் 21 செ.மீ. சொரசொரப்பு இதையும் தொடும், ஆனால் ஈரத்தின் குரலை அமுக்கிவிடுவதில்லை. மிதமான பயிர் மூடியிருந்தாலும் மண் தெரிகிறது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அளவு கிடைக்கிறது; ஒரு சென்டினல்-1 அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும்.

குறைகளும் உண்டு. கட்டத்துக்குள் பெரிய ஏரியோ கடலோ வந்தால் அளவு குழம்பும். 1400–1427 மெகாஹெர்ட்ஸ் பாதுகாக்கப்பட்ட அலைவரிசை என்றாலும், தரையிலிருந்து வரும் குறுக்கீடு சில பகுதிகளில் தரவைக் கெடுக்கிறது. மேல் மண்ணின் ஏறக்குறைய 5 செ.மீ. ஈரம்தான் தெரியும் என்பதால், வேர் ஆழத்து ஈரத்தைக் கணினி மாதிரி வழியாகத்தான் கணக்கிட வேண்டும். அப்புறம், என் அனுபவம் சமவெளிப் பயிர் நிலங்களோடு நின்றுவிட்டது. அடர்ந்த காட்டுக்கும் மலைக்கும் இதே முடிவைச் சொல்லமாட்டேன்.

ஸ்மாப் 2015 ஜனவரியில் ஏவப்பட்டபோது ரேடாரையும் சேர்த்தே சுமந்து சென்றது. ஜூலையிலேயே அந்த ரேடார் நின்றுபோனது பெரிய இழப்பு. அந்த இடத்தைச் சென்டினல்-1 தரவால் நிரப்பி, 3 கிலோமீட்டர் அளவில் இணைப்புத் தரவு தருகிறார்கள். வட்டார அளவுக்கும் வயல் அளவுக்கும் நடுவில் வேலை உள்ளவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். தனி வயல்தான் வேண்டும் என்றால் ரேடாரையே எடுங்கள், உழவுத் தேதிகளையும் கூடவே குறித்து வையுங்கள்.