ஆன்லைனில் வாங்கிய தோல் தையல் கிட்: ஒன்றரை வருட அனுபவம்

துணிப் பையில் சுருட்டி முப்பது சாமான்கள், கூடவே நாலு தோல் துண்டுகள் என்று 'லெதர் கிராஃப்ட் ஸ்டார்ட்டர் கிட்' ஆன்லைனில் வரிசையாகக் கிடக்கிறதே, அதில் ஒன்றை ஒன்றரை வருடம் முன்பு 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறக்குறைய ஒரே கிட்தான் பல பெயர்களில் விற்கிறது, அதனால் நான் வாங்கிய பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இதுவரை நாலு பர்ஸ், இரண்டு பெல்ட், அப்பாவின் கண்ணாடிக்கு ஓர் உறை செய்திருக்கிறேன். வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பார்சலைப் பிரித்த கையோடு தைக்க உட்காராதீர்கள், அப்புறம் அதில் வரும் தோலை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

தோலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் இரண்டு மாதத் தொல்லைகளில் பாதி அதனால் வந்தவை. எல்லா வீடியோவிலும் ஓரத்தை ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேய்த்தேன், ஓரம் பஞ்சு பஞ்சாகவே நின்றது. கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு தோலில். கிட்டில் வந்தது குரோமிய உப்பில் பதனிட்டது, அந்த வகைத் தோலின் ஓரம் தண்ணீர் போட்டுத் தேய்த்தாலெல்லாம் இறுகாது, மேலே பெயின்ட் அடித்துத்தான் மூட வேண்டும். தேய்த்தால் இறுகுவது மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் பதனிட்ட தோல். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சிக் கறுத்தால் பட்டைத்தோல். நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும்.

இதற்காக ஒரு சனிக்கிழமை பெரியமேடு போனேன். சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் சந்துக்குள் சந்தாகத் தோல் கடைகள்தான். விலை சதுர அடிக் கணக்கு, முழுத் தோலாக எடுக்கச் சொல்வார்கள், பொறுமையாகக் கேட்டால் அளவில் குறைந்த துண்டுகளும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு விற்ற பெரியவர் தோலின் வயிற்றுப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக் காட்டி, "தம்பி, இது பர்ஸுக்கு உள்ளே வைக்க ஆகும், வார் போட்டா இழுத்துக்கும்" என்றார். முதுகுப் பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அந்த ஓர் இழுப்பில் கற்றுக்கொண்டேன். நான் எடுத்தது ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகத்துக்கே பழகிய பெயர். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலேறிய சரக்கு இது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. இவ்வளவு நல்ல தோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தாலியத் தோலுக்கு ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பர்ஸுக்கு 1 முதல் 1.2 மி.மீ. கனம் போதும். பெல்ட்டுக்கு 3.5 மி.மீ. எருமைத் தோல் கேளுங்கள், மெல்லிய தோலை இரண்டாக ஒட்டி பெல்ட் செய்தால் கொஞ்ச நாளில் வளைவில் பிரிந்துவிடும்.

இனி கருவிகள். கிட்டில் ஓட்டை போடும் பல் உளிகள் நான்கு வரும், ஒரு பல், இரண்டு, நான்கு, ஆறு, இடைவெளி 4 மி.மீ. இரும்பு மோசமில்லை, ஆனால் பற்களின் பக்கவாட்டில் அரம் போல் சொரசொரப்பு. இப்படியே அடித்தால் உளி தோலில் சிக்கிக்கொள்ளும், பிடுங்க இப்படியும் அப்படியும் ஆட்டுவோம், ஓட்டை நீண்டு கோணலாகும். என் முதல் பர்ஸின் மடிப்பில் இன்னும் அந்தக் கோணல் தெரிகிறது. 1000 நம்பர் உப்புத்தாளை மடித்து ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் விட்டு இழுங்கள், ஒரு மணி நேர வேலை, அதன் பிறகு ஒவ்வொரு ஐந்தாறு அடிக்கும் ஒருமுறை தேன்மெழுகில் குத்தி எடுங்கள். பிடுங்கும்போது ஒரு கட்டையால் தோலை இருபுறமும் அமுக்கிக்கொண்டு நேராக மேலே தூக்க வேண்டும், ஆட்டவே கூடாது.

உளியை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள், தலை பூத்துவிடும். கிட்டில் வந்த நைலான் சுத்தி பொம்மைக் கனம், பத்து அடி அடித்தாலும் இறங்காது. ஆசாரிகள் வைத்திருக்கும் மரச் சுத்தி, கொட்டாப்புளி ஒன்று வாங்கினேன், இரண்டே அடி. அடியில் வைக்க எங்கள் வீட்டு அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், மேலே ரப்பர் பாய், அதற்கு மேல் கட்டிங் போர்டு. மேஜை நடுவில் வைத்தால் பலகை துள்ளி அடியின் பலம் வீணாகும், மேஜைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள். அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், நாலு அடி இரண்டாகக் குறைந்தால் கீழ் வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி.

கிட்டின் கத்தியைப் பற்றிப் பேசப் போவதில்லை, எடுத்து வைத்துவிட்டு முனை ஒடிக்கும் பிளேடு கத்தி ஒன்றும் இரும்பு ஸ்கேலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் அறுக்காமல் லேசாக மூன்று இழுப்பு.

கிட்டில் வருவது தட்டை நூல், 1 மி.மீ., பர்ஸுக்கு ரொம்பத் தடிமன். 4 மி.மீ. இடைவெளி ஓட்டைகளுக்கு 0.8, பின்னால் 3 மி.மீ. உளி வாங்கினால் 0.6 உருண்டை நூல். ஊசிகள் முனை மழுங்கியவை, அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கூரான ஊசி ஏற்கெனவே போன நூலைக் குத்திக் கிழிக்கும். ஒரு நூலின் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி, இரண்டும் ஒரே ஓட்டையில் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழையும், தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல். முன்பக்கம் தையல் அழகாகச் சாய்ந்து, பின்பக்கம் குச்சி குச்சியாக நேராக வருகிறது என்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஊசி போகும் வரிசை ஓட்டைக்கு ஓட்டை மாறுகிறது. முதலில் எந்தக் கை ஊசியோ கடைசி வரை அதுதான் முதலில், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கம் நுழைந்ததோ கடைசி வரை அதே பக்கம். நுழைக்கும்போது முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், இழுபடாவிட்டால் ஊசி அதைக் குத்திவிட்டது என்று அர்த்தம், உடனே வெளியே எடுத்துவிடுங்கள். முடிவில் இரண்டு மூன்று தையல் திரும்பி வந்து, 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் உருக்கி அமுக்கினால் பாலியஸ்டர் நூல் பிரியவே பிரியாது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஈரத்தோடு சேர்த்தால் பிரியும். வழவழப்பான மேல்பக்கத்தில் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வாடை தலைவலிக்கும்.

ஓரம் தேய்ப்பதில் கிட்டின் மரக்கட்டை அருமை, குறையே சொல்ல மாட்டேன். ஒட்டி முடித்த பிறகு இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டி, 400, 800 உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டு லேசாக, மிக லேசாகத் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். எடுத்ததும் அழுத்தினால் ஓரம் காளான் மாதிரி விரிந்து மடங்கும்.

அப்பாவின் கண்ணாடி உறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தோலை நனைத்து, அச்சில் இழுத்துப் பிடித்து, இரும்பு கிளிப் போட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் கிளிப் இருந்த ஆறு இடத்திலும் மை தெறித்த மாதிரி நீலக்கறுப்புப் புள்ளிகள். தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புதான், கடுக்காயில் ஊறிய துணியில் இரும்புக் காடியைத் தொட்டு எழுதும் கலம்காரிக் கறுப்பும் இதே வேலைதான். எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்து பஞ்சில் தொட்டுப் புள்ளி மேல் ஒற்றினேன், சில நிமிடத்தில் கண்ணெதிரே வெளிறிப் பழுப்பானது. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, உறை முழுவதையும் ஒரே சீராக ஈரமாக்கி நிழலில் காய வைத்தேன், இல்லாவிட்டால் தொட்ட இடம் மட்டும் வட்டமாகத் தெரியும். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காய வைத்தால் தோல் சுருங்கி முறுகிவிடும். ஈரத் தோலுக்கு இப்போது பிளாஸ்டிக் கிளிப்தான் போடுகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை உண்டு. மிச்சத் தோலை பாலிதீன் பையில் கட்டி வைத்தால் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல் தட்டில் வைக்கிறேன். பூத்துவிட்டால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் விசிறிக் காற்றில் விரித்துப் போடுங்கள். போன மழைக்கு அப்படிச் செய்த துண்டில்தான் நாலாவது பர்ஸ் தைத்தேன்.