காலையில் ஒழுகும், மதியம் காய்ந்துவிடும்: பழைய டீசல் பிக்கப்பின் கூலன்ட் ஹோஸோடு மூன்றரை வருடம்

விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் பம்பருக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் பச்சை ஈரம்: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். வண்டியை எடுத்துப் பத்து கிலோமீட்டர் போய் நிறுத்திப் பார்த்தால் சொட்டுகூட இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோவது மதியம்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கேயும் லீக் இல்லீங்களே" என்பார். 2022 டிசம்பர் முழுக்க இதே கூத்துதான்.

வண்டி 2008 மாடல், 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மீட்டர் 3,40,000 காட்டுகிறது. அதில் எனக்கு முந்தைய பாதியை நான் முழுசாக நம்பவில்லை. ஊட்டிப் பக்கத்திலிருந்து கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும், திரும்பும்போது எரு மூட்டையோடு மலை ஏறும். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலை கிடையாது. ஏறும்போதுதான் சோதனை. கல்லாறு தாண்டியதிலிருந்து குன்னூர் வரை இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமாக முக்கிக்கொண்டே போக வேண்டும்.

முதல் அடி விழுந்தது 2022 ஏப்ரலில். பர்லியாறு தாண்டி இரண்டு வளைவு போயிருப்பேன். டெம்பரேச்சர் முள் முக்கால் வரை ஏறியது, பிறகு சட்டென்று இறங்கியது. அப்பாடா, ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பானெட் இடுக்கில் ஆவி வந்த பிறகுதான் நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "முள்ளு இறங்குச்சுன்னா சந்தோஷப்படாதீங்க தம்பி, சென்சாரைத் தொடத் தண்ணியே இல்லைன்னு அர்த்தம்" என்றார். பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனையும் அவர்தான் தடுத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, துணியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். டாப் ஹோஸ், அதாவது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் மேல் குழாய், எஞ்சின் பக்கத்து முனையில் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

அவரிடம் பழைய சைக்கிள் டியூப் இருந்தது. அதைப் பட்டையாகக் கிழித்து, இழுத்து இழுத்து ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கம்பியால் கட்டினோம். மூடியை முழுசாக இறுக்காமல் முதல் கட்டோடு விடச் சொன்னார். பிரஷர் ஏறாவிட்டால் கட்டுத் தாங்கும். அது சமவெளியில் சரி. மலையில் அதற்கு ஒரு விலை உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால்தான் 110 தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். ஆகவே பாதி எருவை அங்கேயே இன்னொரு வண்டிக்கு மாற்றிவிட்டு, நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர்ந்தேன். தண்ணீர் ஊற்றியது எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மெதுவாக. கொதித்துக் கிடக்கும் ஹெட்டில், அதாவது எஞ்சினின் மேல் பகுதியில், குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விட்டுவிடும்.

(அன்றிலிருந்து சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை; வழியில் கடையில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளம்ப முடியாது.)

மறுநாள் போட்டது டூப்ளிகேட் ஹோஸ். ஒரிஜினலின் மூன்றில் ஒரு பங்கு விலை. அது சரியாக ஐந்து மாதம் தாங்கியது. செப்டம்பரில் கழற்றியபோது நடுப்பகுதி பஞ்சு மாதிரி அமுங்கியது. குறை ஹோஸில் மட்டும் இல்லை. மேலே டேப்பட் கவரிலிருந்து, அதாவது எஞ்சினின் மேல் மூடியிலிருந்து, எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. இந்த ஹோஸ்களெல்லாம் ஈபிடிஎம் என்ற வகை ரப்பர். சூடு தாங்கும், கூலன்ட் தாங்கும், ஆயில் பட்டால் மட்டும் ஊறி உப்பிவிடும். கசிவை அடைக்கும் டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றாமல் ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ஒரிஜினலும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். இரண்டையும் மாற்றினேன். ஹோஸ் இந்த முறை ஒரிஜினல்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த டிசம்பர். புது ஹோஸ், புது பேக்கிங், ஆனாலும் காலையில் பச்சை ஈரம். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஹோஸ் முனையைப் பிடித்திருக்கும் திருகு கிளிப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கி அனுப்பினார். நானும் வீட்டில் ஒரு முறை இறுக்கினேன். கடைசியில் கிளிப்பின் விளிம்பு ரப்பரைக் கத்தி மாதிரி அறுத்துக் கோடு போட்டுவிட்டது.

விடை கிடைத்தது வேறொரு பட்டறையில். அங்கிருந்த பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க." உறைபனி விழும் ஜனவரி மாதம். காலை ஆறு மணிக்குப் போனபோது வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, அதில் ஈரம் விழுந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். வட்டத்துக்கு நேர் மேலே தெர்மோஸ்டாட் எல்போ: எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத தெர்மோஸ்டாட் வால்வை மூடி, டாப் ஹோஸ் வந்து மாட்டும் வளைந்த குழாய். ஹோஸைக் கழற்றி அந்த அலுமினிய மூக்கைத் துடைத்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி குழியாக இருந்தது. முந்தைய சொந்தக்காரர் வருடக்கணக்கில் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன் என்றார். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரப்பரும் உப்பி, அந்தக் குழிகளை அடைத்துக்கொள்கிறது. இரவுக் குளிரில் ரப்பர் சுருங்குகிறது. திருகு கிளிப்போ இறுக்கிய அளவிலேயே நிற்கிறது. அந்த நூலிழை இடைவெளியில்தான் கூலன்ட் கசிந்திருக்கிறது. மதியம் போய்க் காட்டினால் எப்படித் தெரியும்?

எல்போவையே மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன். குழி ஆழம் இல்லை, தேய்த்தாலே போதும் என்றுவிட்டார். உப்புத்தாளை ரிப்பன் மாதிரி கிழித்து, மூக்கைச் சுற்றிப் போட்டு, ஷூ பாலிஷ் போடுவதுபோல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தார். நீளவாக்கில் தேய்க்கவே கூடாதாம். நீளக் கீறல் ஒவ்வொன்றும் தண்ணீர் வெளியே போக வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. சுற்றுக் கீறல் பரவாயில்லை. ஹோஸின் அறுபட்ட முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டினார், நல்லவேளை நீளம் மிச்சம் இருந்தது. திருகு கிளிப்புக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப் போட்டார். ரப்பர் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கிப் பிடிக்கும். பழைய தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து எட்டு லிட்டர். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்ததால் மூடியும் புதுசு.

உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ வேலை எங்கள் ஊரில் சுலபம், எல்லாத் தெருவும் மேடுதான். முன்பக்கம் மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஐடிலில் ஓடவிட்டோம். அவ்வப்போது டாப் ஹோஸைப் பிசைந்தால் குபுக் குபுக்கென்று காற்று வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென இறங்கும், அப்போது இன்னொரு அரை லிட்டர் குடிக்கும். முந்தைய பட்டறையில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்காதது நல்லதாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் குளிர் காலத்தில் எஞ்சின் சூடாகவே நேரம் பிடிக்கும், டீசல்தான் வீணாகும்.

அதிலிருந்து இரண்டரை வருடம், ஏறக்குறைய 41,000 கிலோமீட்டர். காலையில் அட்டையை விரித்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் குளிர் காலத்தோடு நிறுத்திவிட்டேன். மட்டம் குறைந்ததென்று இதுவரை நான் ஊற்றிய கூலன்ட் மொத்தமே அரை லிட்டருக்குள். முள் நடுவை விட்டு ஒரே ஒரு முறை ஏறியது. மே மாத சீசன் நெரிசலில், காட்டேரி அருகே ஒரு மணி நேரம் ஊர்ந்தபோது. ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றும் ஃபேன் கிளட்சுக்கு வயசாகிவிட்டது, அது தெரிந்த விஷயம்தான்.

குறையே இல்லையா என்றால், ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றுவது பெரிய இம்சை. இடம் குறுகல், சாதா பிளேயர் வழுக்கும். போன வருடம் கூலன்ட் மாற்றும்போது இரண்டு விரல் முட்டியில் தோல் போனது. சிலிக்கான் ஹோஸ் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய வண்டியில் சாதா திருகு கிளிப்பின் பல் இடுக்கில் அந்தச் சிலிக்கான் பிதுங்கி நிற்பதைப் பார்த்தேன். அதற்கு உள்ளே தகடு வைத்த தனி கிளிப் வேண்டும். எனக்கு ரப்பரே போதும்.

இப்போது பாட்டம் ஹோஸை, அதாவது ரேடியேட்டரிலிருந்து ஆறிய தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பும் கீழ்க் குழாயை, அமுக்கிப் பார்த்தால், முனையிலிருந்து இரண்டு அங்குலம் வரை நடுப்பகுதியைவிட மெத்தென்று இருக்கிறது. உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. புதுசு ஒன்று வாங்கி, கேனுக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாட்ட வேண்டும்.