இரண்டு புரொவைடர், ஒரு நெட்வொர்க்: பிஜிபியில் எந்த வழி சரிப்படும்?

எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைதான் பிஜிபி; ஒரே நெட்வொர்க்கை இரண்டு இன்டர்நெட் புரொவைடரோடு இணைத்தால் அதில் சில முடிவுகளை நாம் எடுக்க வேண்டும். முதல் கேள்வி, முழு டேபிள் (இன்டர்நெட்டின் எல்லா ரூட்டும் அடங்கிய பட்டியல்) வாங்குவதா, வெறும் டிஃபால்ட் ரூட்டோடு ('தெரியாததையெல்லாம் இந்தப் பக்கம் அனுப்பு' என்ற ஒற்றை வழி) நிறுத்திக்கொள்வதா. ஐபிவி4 முழு டேபிளில் இப்போது சுமார் 10 லட்சம் ரூட் இருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் அது 5,12,000-ஐத் தொட்டபோதே, அந்த அளவுக்குத்தான் மெமரி ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் திணறின. டிஃபால்ட் மட்டும் என்றால் சின்ன ரவுட்டரே போதும், ஆனால் புரொவைடருக்கு அந்தப்பக்கம் ஏதாவது அறுந்துபோனாலும் டிஃபால்ட் பாட்டுக்கு அப்படியே நிற்கும், நம் பாக்கெட்டெல்லாம் பாழுங்கிணற்றில்தான் விழும். என் ஓட்டு இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு: புரொவைடரின் சொந்த ரூட், அவர்களுடைய வாடிக்கையாளர் ரூட், கூடவே ஒரு டிஃபால்ட்.

வெளியே போகும் டிராஃபிக்கில் பெரிய விவாதமே இல்லை. லோக்கல் பிரஃபரன்ஸை (ஒரு நெட்வொர்க் தனக்குள் ஒரு ரூட்டுக்குக் கொடுக்கும் முன்னுரிமை எண்) ஏற்றினால் அந்த வழியில் போகும், அவ்வளவுதான்.

உள்ளே வருவதுதான் தலைவலி, ஏனென்றால் அங்கே முடிவெடுப்பது அடுத்தவன், நாம் கேட்டுப் பார்க்கலாம். எல்லோரும் முதலில் கை வைப்பது ஏஎஸ் பாத் பிரிபெண்டில், அதாவது நம் நெட்வொர்க்கின் அடையாள எண்ணை (ஏஎஸ் எண்) பாதையில் பலமுறை ஒட்டி, அந்த வழியை நீளமாகக் காட்டுவதில். நானும் ஒருமுறை பேக்கப் லிங்க்கில் எங்கள் ஏஎஸ் எண்ணை ஐந்து தடவை ஒட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், பாதி டிராஃபிக் அசையவே இல்லை. காரணம் எளிது: பிஜிபி பாதையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே லோக்கல் பிரஃபரன்ஸைப் பார்த்துவிடும், பொதுவாக எந்தப் புரொவைடரும் வாடிக்கையாளரிடமிருந்து நேராக வரும் ரூட்டுக்கு அதைத் தூக்கித்தான் வைத்திருப்பார்கள். ஐந்து என்ன, பத்து ஒட்டினாலும் அவர்கள் நெட்வொர்க்குக்குள் நம் பேக்கப் லிங்க்தான் ஜெயிக்கும்.

இந்த இடத்தில் கம்யூனிட்டி என்ற குறியீட்டு எண், பிரிபெண்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. ரூட்டோடு ஒரு எண்ணை ஒட்டி அனுப்பினால் புரொவைடரே தன் பக்கம் லோக்கல் பிரஃபரன்ஸை இறக்கிவிடுவார். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1998 என்ற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம் சொல்வதே இந்த வித்தையைத்தான். குறை என்னவென்றால் ஆளுக்கொரு எண் வைத்திருப்பார்கள், சிலர் இந்த வசதியே தருவதில்லை, அதனால் ஒப்பந்தம் போடும் முன்பே பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது வழி, முகவரியைப் பிளப்பது. /23 (512 முகவரி கொண்ட தொகுதி) இருந்தால் அதை இரு பக்கமும் அறிவித்து, உள்ளிருக்கும் இரண்டு /24-ஐ (அதன் இரு பாதிகள்) புரொவைடர் ஆளுக்கொன்றாகக் கொடுப்பது. நீளமான பிரிஃபிக்ஸ்தான் (சாய்கோட்டுக்குப் பின் எண் பெரிதாக உள்ள, அதாவது சின்ன முகவரித் தொகுதி) எப்போதும் வெல்லும் என்பதால் இது கச்சிதமாக வேலை செய்யும், ஒரு லிங்க் விழுந்தால் /23 தாங்கிக்கொள்ளும். ஆனால் உலகத்தின் டேபிளில் நம் பங்குக்குக் கூடுதல் குப்பை. தவிர, கையில் ஒரே ஒரு /24 இருந்தால் இது நடக்காது, அதைவிட நீளமானதைப் பெரும்பாலானோர் வடிகட்டிவிடுவார்கள். நான் வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுவேன்.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெளியே அனுப்பும் ஃபில்டரில் உங்கள் பிரிஃபிக்ஸ் மட்டும் இருக்கட்டும். ஒரு புரொவைடர் ரூட் இன்னொருவருக்குக் கசிந்தால் அவர்கள் இருவருக்கும் நடுவில் நீங்கள்தான் இலவசப் பாலம். பாலிசி (எதை வாங்கலாம், எதைக் கொடுக்கலாம் என்ற விதி) எழுதாத பிஜிபி செஷன் (இரு ரவுட்டர்களுக்கு நடுவே ரூட் பரிமாறும் இணைப்பு) எதையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 2017-இல் ஆர்எஃப்சி 8212 சொன்னது, ஆனால் எல்லா ரவுட்டரும் தானாக அப்படி நடப்பதில்லை, உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துவிட்டு செஷனை எழுப்புங்கள்.