திருவொற்றியூர் லேத் பட்டறையில் கான்பன் அட்டை: ஏழு வருஷ அனுபவம்

எங்கள் பட்டறை எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. மூன்று சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் கடைசல் மிஷின்), இரண்டு பழைய லேத், பதினோரு பேர். வண்டிகளுக்கான ஸ்டீல் புஷ் (துளைக்குள் பொருத்தும் சின்னக் குழாய்) கடைந்து ஒரு பெரிய சப்ளையருக்குக் கொடுக்கிறோம். 2018 நடுவில் கான்பன் அட்டை முறைக்கு மாறினோம்; எடுத்துப்போன அளவுக்கு மட்டும் மறுபடி செய்யச் சொல்லும் அட்டைதான் கான்பன். சின்னப் பட்டறைக்கு இது ஒத்துவருமா என்று பலர் கேட்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மிஷின் நிற்கக்கூடாது, அதுதான் அப்பா காலத்துச் சட்டம். ஒரு புஷ்ஷிலிருந்து இன்னொன்றுக்கு மிஷினை மாற்றிச் செட்டிங் போட இரண்டு மணி நேரம் போகும். போட்டபிறகு நாலாயிரம் பீஸ் ஓட்டாமல் கழற்ற மனசு வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த புஷ் அத்தனையும் துருப்பிடித்தது. ராடு (புஷ் கடையும் ஸ்டீல் கம்பி), கரண்டு, கூலி எல்லாம் போட்டு முடித்த சரக்கு, பழைய இரும்பு விலைக்குப் போனது. ஜப்பான் கார் கம்பெனி டொயோட்டாவில் இந்த அட்டை முறையை உருவாக்கிய தைஇச்சி ஓனோ சொன்ன ஏழு வீண்களில் அதிக உற்பத்திதான் மோசமானது என்பதை அன்றைக்குத்தான் நான் புரிந்துகொண்டேன். ரேக் நிறையச் சரக்கு இருந்தால் ரிஜெக்ஷன் (அளவு தவறி ஒதுக்கும் பீஸ்) தெரியாது, மிஷின் பழுது தெரியாது, எல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும்.

அட்டை வேலை செய்யும் விதம் எளிது. ஒரு ட்ரேயில் 60 புஷ், ட்ரேக்கு ஓர் அட்டை. டெஸ்பாட்சுக்கு ட்ரே போகும்போது அட்டையைக் கழற்றி லேத் பக்கத்துப் பலகையில் மாட்டவேண்டும். பலகையில் அட்டை இருந்தால்தான் ஓட்டலாம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்கு மட்டும் தட்டை நிரப்புவதைத்தான் ஓனோ முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

எத்தனை அட்டை? எங்களுக்கு ஒரு நாள் தேவை 480. அட்டை மாட்டியதிலிருந்து ட்ரே நிரம்பித் திரும்ப இரண்டு நாள். பாதுகாப்புக்கு கால் பங்கு கூட்டினால் 1,200 புஷ், அதாவது 20 அட்டை. கணக்கு சரிதான், ஆனால் எங்கள் ரோடு அதில் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில் ராடு வண்டி மாட்டினால் இரண்டு நாள் இரண்டரை நாளாகும். 2019-இல் 25 அட்டையாக்கினோம், அன்றிலிருந்து அதைக் குறைக்கவில்லை. புத்தகத்தில் போட்ட எண்ணை அப்படியே மாட்டாதீர்கள், உங்கள் ரோட்டைப் பார்த்துப் போடுங்கள்.

முதல் மாசம் எங்கள் மூத்த ஆப்பரேட்டர் வந்து நின்றார். "அக்கா, பலகையில அட்டையே இல்ல. சும்மா நிக்க ஒரு மாதிரியா இருக்கு. ஓட்டிடவா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பீஸ் கணக்கில் இன்சென்டிவ் வைத்துவிட்டு, அதிகம் ஓட்டாதே என்று நான் சொன்னால் அவர் வீட்டு வரும்படியில்தான் கை வைக்கிறேன். பீஸ் கணக்கை எடுத்துவிட்டு, சம்பளத்தை உயர்த்தி, ரிஜெக்ஷன் இல்லாத நாளுக்குத் தனித் தொகை வைத்தோம். அதற்குப் பிறகுதான் அட்டைக்கு மரியாதை வந்தது. இதைச் செய்யாமல் பலகை மட்டும் மாட்டினால் ஒரு மாசம்கூடத் தாங்காது.

செட்டிங் நேரத்தைக் குறைத்தது அந்த மூத்த ஆப்பரேட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஸ்பேனர் தேடவும், சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) எடுக்கவும், கேஜ் (அளவு பார்க்கும் கருவி) வாங்கி வரவும் போயிருக்கிறது. ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகெயோ ஷிங்கோ சொன்ன வழியும் இதுதான்: மிஷின் ஓடும்போதே செய்யக்கூடியதையெல்லாம் முன்னாடியே செய்துவை, நிறுத்திச் செய்யவேண்டியதை மட்டும் நிறுத்திச் செய். இப்போது ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு நீல ட்ரே உண்டு. அதில் ஜா, இன்செர்ட் (வெட்டும் முனை), பிளக் கேஜ், அளந்து வெட்டிய ஸ்டாப்பர் எல்லாம் தயாராக இருக்கும். நாற்பது நிமிஷத்தில் முதல் பீஸ் வந்துவிடுகிறது. செட்டிங் குறைந்தால்தான் சின்னச் சின்ன லாட்டாக ஓட்டக் கட்டுப்படியாகும். அது குறையாமல் ஜஸ்ட் இன் டைம், அதாவது தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் செய்வது, நடக்காது.

மனசு நொந்தது வாடிக்கையாளர் பக்கத்தில். ஒரு கம்பெனி "நாங்க ஜஸ்ட் இன் டைம்" என்று சொல்லி, மூன்று வாரச் சரக்கை எங்கள் ரேக்கில் வைத்துக்கொண்டு கேட்கும்போது குட்டியானையில் அனுப்பச் சொன்னது. அவர்கள் குடோன் காலியானது, எங்கள் பணம் முடங்கியது. இதில் இருப்பு எங்கே குறைந்தது, இடம்தானே மாறியது? மாசக் கடைசியில் மட்டும் ஆர்டரைக் கொட்டுவார்கள், அட்டையெல்லாம் ஒரே நாளில் பலகைக்கு வந்துவிடும். தினத் தேவையைச் சமமாகப் பரப்புவதை டொயோட்டாவில் ஹெய்ஜுங்கா என்பார்கள். அது இல்லாத இடத்தில் கான்பன் தாங்காது. பில் பணம் 90 நாள் கழித்து வந்தது. 2006 சிறு, குறு தொழில் சட்டப்படி எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் போகக்கூடாது. அதை எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகு இருப்பு ஒரு வாரமாகவும் பணம் 45 நாளாகவும் வந்தது. கேட்கத் தயங்காதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. இந்த முறை துருப்பிடித்தது 9 ட்ரேதான். ஆனால் ராடு வரவில்லை, நாலு நாள் எல்லா லேத்தும் நின்றன. 1997 பிப்ரவரியில் டொயோட்டாவுக்கு உதிரிபாகம் கொடுக்கும் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்து ஒரு சின்ன பிரேக் வால்வு கிடைக்காமல் டொயோட்டா உற்பத்தியே நின்றது. மற்ற சப்ளையர்கள் அந்த வால்வைச் செய்து கொடுத்துத்தான் மீண்டார்கள். எங்களுக்கு அப்படித் தூக்கிவிட யாருமில்லை.

அதனால் அக்டோபர் பிறந்ததும் ஆறு நாளுக்கான ராடு முன்கூட்டியே இறக்கிவிடுகிறோம். அதற்கு அட்டை மஞ்சள் நிறம், ரேக் தரையிலிருந்து மூன்றடி உயரம். பொங்கல் முடிந்ததும் மஞ்சள் அட்டையைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடுவோம்.