மூன்று கச்சானும் மூன்று மாரியும் கண்ட காளான் கொட்டில்

சிப்பிக் காளானுக்கு ஈரப்பதம் 80 முதல் 90 வீதம், வெப்பநிலை 25 முதல் 28 பாகை என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் மட்டக்களப்பில் ஆனி, ஆடி மாதத்து மத்தியானத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று 35 பாகையில் உலர்ந்து அடிக்கும். மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழையில் சுவரே வியர்க்கும். தண்ணீர் தெளிக்கும் டைமரை ஒரே அளவில் வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் முதல் பருவத்தில் மொட்டுக் கருகும், அடுத்ததில் காளான் அழுகும்.

இங்கே சொல்வது 20 அடிக்கு 10 அடி, 8 அடி உயரக் கொட்டில் ஒன்றைப் பற்றி. காளான் வளரும் 600 பைகள், கிடுகுக் கூரை, நாலு அங்குல மணல் தரை, மேற்குச் சுவரில் சணல் சாக்குத் திரை, கிழக்கில் 12 அங்குல எக்ஸ்ஹோஸ்ட் பேன், தண்ணீரைப் புகைபோல் அடிக்கும் 12 மிஸ்ட் நொசில், ஒரு சின்ன டயபிரம் பம், இரண்டு டைமர். செலவில் பெரும்பங்கு பம்முக்கும் பேனுக்கும்தான் போனது. ஆனால் அதிகம் உழைத்த பொருள் சாதாரண தேர்மோமீற்றர் இரண்டு.

முதலில் அதைச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியை நம்பி நாசமான பைகள் ஏராளம். சோதிக்க ஒரு வழி உண்டு. போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, சேறு போலாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்போகாத பொலித்தீன் பையில் எட்டு மணித்தியாலம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 65 காட்டினால் மானி பத்துக் குறைத்துச் சொல்கிறது. 90க்கு மேல் இவை இன்னும் மோசம். ஒரு தடவை நனைந்தால் 99இலேயே ஒட்டிக்கொள்ளும்.

பதிலுக்கு இரண்டு தேர்மோமீற்றரை அருகருகே, பைகளின் நடு உயரத்தில் கட்டுங்கள். ஒன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தித்துணியைச் சுற்றி, வால் நுனியைத் தண்ணீர்க் குப்பியில் விடுங்கள். விசிறியால் ஒரு நிமிடம் காற்றடித்துவிட்டு இரண்டையும் வாசியுங்கள். 28 பாகையளவில் வித்தியாசம் 1 பாகை என்றால் ஈரப்பதம் ஏறத்தாழ 93 வீதம், 2 என்றால் 85, 3 என்றால் 78. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் வைத்திருந்தால் போதும். ஒன்றுக்குக் கீழே போனால் பம்மை நிறுத்துங்கள். துணியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கிணற்று உப்பு படிந்தால் வாசிப்புப் பிழைக்கும்.

அதே சோடியை வெளியே நிழலில் வைத்தால் இன்னொன்றும் தெரியும்: இன்று தண்ணீரால் எவ்வளவு குளிர்த்த முடியும் என்பது. கச்சான் நாளில் வெளியே 35 பாகை, 50 வீதம் என்றால் ஈரத்துணி கட்டியது 26½ அளவில் நிற்கும். அதற்குக் கீழே எந்த மிஸ்டும் கொண்டுபோகாது. சாக்குத் திரையும் நொசிலும் சேர்ந்து அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தால் உள்ளே 29, 30 பாகை. இந்தக் கரையில் கச்சானில் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். மார்கழியில் வெளி வித்தியாசமே ஒரு பாகை. அப்போது மிஸ்ட் அடிப்பது குளிரைத் தராது, நோயைத்தான் தரும்.

தண்ணீர் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுக்கிறது. ஒரு லீற்றர் முழுதாக ஆவியானால், ஒரு கிலோவாட் ஹீற்றர் நாற்பது நிமிடம் எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமனானது போகும். பையிலும் தரையிலும் சொட்டி ஓடும் தண்ணீர் பெரிதாக ஒன்றும் எடுக்காது. ஆகையால் கச்சானில் நீண்ட நேரம் அடிப்பதைவிட அடிக்கடி, சொற்பமாக அடிப்பதே சரி: காலை 10 முதல் மாலை 4 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 செக்கன். நொசில் மேலே பார்த்திருக்க வேண்டும். மொட்டு மேல் நேரே விழுந்தால் அது மஞ்சளாகிச் சுருங்கும்.

பேன் விஷயத்தில் கணக்கு இப்படி. கொட்டிலின் கொள்ளளவு 1,600 கன அடி. மணிக்கு ஐந்து முறை காற்று மாற 8,000 கன அடி வேண்டும். பேனில் நிமிடத்துக்கு 900 என்று எழுதியிருந்தாலும் நுளம்பு வலையும் ஈரச்சாக்கும் அதில் பாதியைத் தின்றுவிடும். எனவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு நிமிடம். காற்றுப் போதாவிட்டால் காளானே சொல்லும்: தண்டு நீளும், குடை காசளவில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மேலும் தண்ணீர் அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் வழமையான பிழை.

பேனைக் கிழக்கில் வைத்தது கச்சான் மேற்கிலிருந்து வருவதால். காற்றே சாக்கினூடாகத் தள்ளிக்கொடுக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடித்து, பேன் வாயாலேயே சாரலைக் கொண்டுவரும். ஒரு தகர மறைப்பு அவசியம். பழுதான பைகளைப் புதைக்கும் குழியையும் பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்: கச்சானில் கொட்டிலுக்குக் கிழக்கே, மாரியில் தென்மேற்கே. பச்சைப் பூசணத்தின் வித்து காற்றோடுதான் வரும்.

மாரியில் மிஸ்ட் பம்மின் பிளக்கையே கழற்றிவிடலாம். சாக்கையும் கழற்றுங்கள், தரைக்கும் தண்ணீர் வேண்டாம், பேன் இரவிலும் ஓடட்டும். குடைமேல் தண்ணீர் இரண்டு மூன்று மணித்தியாலம் காயாமல் நின்றால் பக்றீரியாவால் மண்ணிறப் புள்ளி விழும். அதைக் கடைக்காரர் எடுக்கமாட்டார். தொடர்மழையில் வெளிக்காற்றே 98 வீதமாக இருக்கும்போது, காற்று நுழையும் பெட்டிக்குள் 100 வாட் மஞ்சள் பல்ப் இரண்டு எரிய விடுங்கள். உள்ளே வரும் காற்று சராசரியாக இரண்டு பாகையளவில் சூடாகும். 25 பாகையில் 98 ஆக இருந்தது 27இல் 87 ஆகும். மாரியில் சூடாக்குவதா என்று சிரிப்பவர்கள் அடுத்த நாள் குடையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

மின்சாரம்: சுவிட்சும் டைமரும் கொட்டிலுக்கு வெளியே, ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

கரையோரக் கிணற்று நீரில் நொசில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடைக்கும். கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டால் திறக்கும். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, புகைக்குப் பதில் துளி விழும். அதிர்வால் தண்ணீரைப் புகையாக்கும் அல்ட்ராசொனிக் பொகர் இந்தத் தண்ணீருக்கு ஒத்துவராது. அதிரும் தட்டில் சுண்ணாம்பு படிந்து பழுதாகும், காளான்மேல் வெள்ளைத் தூளும் படியும். மழைநீரைப் பரலில் பிடித்து வைத்தவர்கள் மட்டும் யோசிக்கலாம். ஏசியும் வேண்டாம், குளிரோடு ஈரத்தையும் இழுத்துவிடும்.

தகரக் கூரை இருந்தால் கழற்றத் தேவையில்லை. அரை அடி இடைவெளி விட்டு மேலே கிடுகு வேயுங்கள். 1978 நவம்பர் சூறாவளி தெரிந்த ஊரில் அதை இறுகக் கட்டச் சொல்லத் தேவையில்லை. கிடுகு இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். அடியில் பொலித்தீன் கட்டினால் சரிவாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒடுங்கிய நீர் பைகள்மேல் சொட்டும்.

காளான் வித்து இன்னும் பரவிக்கொண்டிருக்கும், மொட்டு வராத பைகளைத் தனியறையில், இரண்டு அங்குல இடைவெளியோடு அடுக்க வேண்டும். பைக்குள் காளான் இழை வளரும்போது தானே சூடு தரும். நெருக்கி அடுக்கினால் நடுப்பை அறையைவிட இரண்டு மூன்று பாகை கூடும். கச்சானில் வாங்கும் பைகளை இரவிலேயே லொறியில் ஏற்றுவிக்கவும்.

குடை விளிம்பு மேலே மடியுமுன் பறித்துவிடுங்கள். பிந்தினால் உதிரும் வித்துத்தூள் பேன் இதழில் பசையாய் ஒட்டும், நெஞ்சுக்கும் கூடாது. பறிக்கும்போது மாஸ்க் போடுங்கள்.

கச்சானில் இந்த உபகரணங்கள் 29, 30 பாகைக்குக் கீழே கொண்டுபோகாது என்பதால் இனத்தைத்தான் மாற்ற வேண்டும். அமெரிக்கன் ஒய்ஸ்டர் என்ற சிப்பிக் காளான் கார்த்திகை முதல் மாசி வரை. வைகாசி முதல் ஆவணி வரை அபலோன் அல்லது இளஞ்சிவப்புச் சிப்பிக் காளான்; பின்னது வெக்கையைத் தாங்கும், ஆனால் பறித்த அடுத்த நாளே வாடிவிடும், அண்மைச் சந்தை உள்ளவர்களுக்கே சரி. சாக்கும் பேனும் இல்லாதவர்களுக்கு 30 முதல் 35 பாகையில் வரும் பால் காளான் நல்லது. அபலோன் பைக்குள் கறுப்புத் தலையோடு சின்னத் துளிகள் தெரிந்தால் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். அந்த இனத்தின் இயல்பே அது.