சீட் என்ஜின் விமர்சனம்: சான் ஆண்ட்ரியாஸின் மெமரியைத் திறந்து பார்க்க

பழைய கேமுக்கு மாட் (கேமின் நடத்தையை மாற்றும் சிறு நிரல்) எழுத உட்காருகிறவர்கள் முதலில் இறக்கிக்கொள்ள வேண்டியது சீட் என்ஜின். இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. பெயரைப் பார்த்து, காசு ஏற்றும் கருவி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓர் எண் மெமரியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த கையோடு, எந்தக் கட்டளை அதை எழுதுகிறது என்றும் காட்டிவிடும். இதன் அருமையே அதுதான்.

2005இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் 1.0 பதிப்பை எடுத்துக்கொள்வோம். கேமை ஓடவிட்டு, சீட் என்ஜினில் அந்த ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) தேர்ந்தெடுங்கள். வகை 4 பைட். கையிலிருக்கும் பணத்தைத் தட்டி முதல் ஸ்கேன். கொஞ்சம் செலவழித்துவிட்டு, புதிய தொகையைப் போட்டு அடுத்த ஸ்கேன். இரண்டு மூன்று சுற்றில் பி7சிஇ50, பி7சிஇ54 என்று ஒட்டினாற்போல் இரண்டு முகவரிகள் தெரியும். முன்னது உண்மையான இருப்பு. பின்னது திரையில் எண் ஓடி ஏறுவதற்கான நகல். நகலை மட்டும் மாற்றினால் எண் ஓடிப்போய்ப் பழைய தொகையிலேயே நிற்கும். கருவி வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

உயிரளவு இன்னும் சிக்கலானது. அது ஃப்ளோட், அதாவது தசம எண். 100.0 என்ற ஃப்ளோட்டை 4 பைட் முழு எண்ணாகப் படித்தால் 1120403456 என்று வரும். அதனால் 4 பைட் வகையில் 100 என்று தேடினால் அகப்படாது. திரையிலும் பட்டையாகத்தான் தெரிகிறது. எனவே ஃப்ளோட் வகையில் 'தெரியாத தொடக்க மதிப்பு' ஸ்கேன், அடி வாங்கியதும் 'குறைந்த மதிப்பு' ஸ்கேன் என்று போக வேண்டும். கிடைக்கும் முகவரியும் நிலையானதல்ல. பி6எஃப்5எஃப்0 என்ற நிலையான இடத்தில் ஆட்டக்காரரின் பாயின்டர் (அவருடைய தரவு இருக்கும் முகவரி) இருக்கிறது. அதில் உள்ள முகவரியோடு பதினாறடிமானத்தில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 540 கூட்டினால் உயிர், 548 கூட்டினால் கவசம். கேம் லோடாகும் முன் அந்த பாயின்டர் பூஜ்யம். சீட் என்ஜின் கேள்விக்குறி காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கேமுக்குள் ஓடும் உங்கள் மாட் அதைச் சோதிக்காமல் எழுதினால் கேம் விழும்.

இனி எஃப்6. முகவரியின் மேல் வைத்து அழுத்தினால், ஓடும் நிரலைக் கண்காணிக்கும் டீபக்கர் கேமோடு ஒட்டிக்கொள்ளும். அடி விழும்போது எழுதிய கட்டளை பட்டியலில் வரும். அவசரப்பட்டு அதை நாப் (எதுவும் செய்யாத கட்டளை) ஆக்கிவிடாதீர்கள். உங்களுக்கும் எதிரிகளுக்கும் உயிரைக் குறைப்பது பெரும்பாலும் ஒரே கட்டளைதான். அழித்தால் எல்லோரும் சாகாவரம் பெறுவார்கள். ஆட்டக்காரரின் பாயின்டரோடு ஒப்பிட்ட பிறகே தவிர்க்க வேண்டும். அதற்குக் கோடு இன்ஜெக்‌ஷன் வேண்டும். அதாவது, அந்தக் கட்டளை இருக்கும் இடத்தில் உங்கள் கோடுக்குத் தாவும் கட்டளையை வைப்பது. அந்தத் தாவல் கட்டளைக்கு 5 பைட் பிடிக்கும். மாற்றும் கட்டளை 3 பைட் என்றால் அடுத்ததையும் விழுங்கும். இரண்டையும் உங்கள் பகுதியில் திரும்ப எழுதி, மிச்ச பைட்டை நாப் கட்டளையான 90ஆல் நிரப்ப வேண்டும். சீட் என்ஜினின் டெம்ப்ளேட் இதைத் தானே செய்துவிடுகிறது. முகவரியை நம்பாமல் பைட் வரிசையைத் தேடும் டெம்ப்ளேட்டையே எடுங்கள். 1.0இன் முகவரிகள் வேறு பதிப்புகளில் அப்படியே பொருந்தாது.

மதிப்பை மாறாமல் பூட்டுவதாகச் சொல்லும் 'ஃப்ரீஸ்' வசதியை அதிகம் நம்ப முடியாது. இடைவெளி விட்டுவிட்டு மதிப்பைத் திரும்ப எழுதுகிறதே தவிர, கேம் எழுதுவதைத் தடுப்பதில்லை. ஒரே அடியில் உயிர் பூஜ்யமானால் கதை முடிந்தது.

டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் கேம்களுக்கு 2 பைட் வகையைத் தேர்ந்தெடுத்து, சில முகவரிகளைத் தாண்டிச் செல்லும் ஃபாஸ்ட் ஸ்கேனை நீக்குங்கள். முகவரி ஒவ்வொரு முறையும் மாறும்.

குறைகள் உண்டு. இன்ஸ்டாலர் வேறு மென்பொருளையும் நீட்டும். ஒவ்வொரு திரையையும் படித்து மறுக்க வேண்டும். ஆன்டிவைரஸ் கத்தும். கேம் அட்மினாக ஓடினால் இதையும் அட்மினாகவே திறக்க வேண்டும். முழுத்திரையில் மாறி மாறிப் போனால் பழைய டைரக்ட்எக்ஸ் கேம்கள் தொங்கும்; விண்டோ முறையில் ஓட்டுங்கள். ஆன்லைன் கேம் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பிறருக்குக் கொடுக்கும் மாட்டை இதன் டேபிளாகவே (முகவரிகளைச் சேமிக்கும் கோப்பு) விடுவது சரியல்ல, அவர்களும் சீட் என்ஜினைத் திறந்து வைத்திருக்க வேண்டிவரும். கண்டுபிடித்ததை ஏஎஸ்ஐ ப்ளக்இன்னாக (கேமோடு சேர்த்து ஏற்றப்படும் கோப்பு) மாற்றுங்கள். அது கேமின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுவதால் வேறு ப்ராசஸின் மெமரியில் எழுதும் விண்டோஸ் ஃபங்ஷனான ரைட்ப்ராசஸ்மெமரி தேவையில்லை. பாயின்டர் வழியாக நேரே எழுதலாம். கட்டளைப் பகுதியைத் தொடும் முன் மட்டும் விர்ச்சுவல்ப்ரொடெக்ட் என்ற விண்டோஸ் ஃபங்ஷனைப் போட்டு எழுத அனுமதி வாங்கி, முடிந்ததும் பழைய அனுமதியைத் திருப்பி வையுங்கள்.